சித்தி கையைக் கட்டிக்கொண்டு நின்ற கதை

"அந்த மெஷின்ல என்னைவிட நல்லா மடிக்கிற ஒரு ஆளைக் காட்டு பாக்கலாம். காட்ட முடியாதுல்ல? அப்புறம் ஏன் அந்த வேலையை எனக்குக் கொடுக்கல?"

சித்தி இதைக் கேட்டபோது செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசல் கதவைத் திறந்த கையோடு, எதிரில் உட்கார்ந்திருந்த என்னிடம் கேட்டுவிட்டார்.

நான் அப்போதுதான் பள்ளியை முடித்திருந்தேன். மதிப்பெண் வந்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. ஒரு நாள் கம்ப்யூட்டர் வகுப்பு, மறுநாள் தையல், அதற்கு மறுநாள் எதுவுமே வேண்டாம் என்று மனம் தாவிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட என்னிடம் வந்து பதவி உயர்வைப் பற்றிக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? "அநியாயம் சித்தி" என்றேன். அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதியைச் சித்தி சொன்னார். மீதியை அவரோடு வேலை பார்க்கும் ஓர் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, எல்லோருடைய குரலிலும் பேசி நடித்துக் காட்டினார். இரண்டையும் சேர்த்துப் புரியும்படி எழுதப் பார்க்கிறேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை என்பதால் நான் சித்தி வீட்டில் தங்கித்தான் படித்தேன். மூன்றாவது மாடி, இரண்டு அறை, ஒருவர் நின்றால் இன்னொருவர் திரும்ப முடியாத சமையலறை. சித்தப்பா வீடு வீடாகப் போய் ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவர். அவருடைய ஸ்பானர்களும் செம்புக் குழாய்களும் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். துடைப்பம் அதில் மாட்டிக்கொண்டால் சித்தி கத்துவார். "அதுங்கதான் வாடகை கட்டுது, மரியாதையா பேசு" என்பார் சித்தப்பா.

சித்தி வேலை செய்வது ஒரு பெரிய லாண்டரியில். பஸ்கள் திரும்பும் இடத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். மூன்று ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் அங்கே வெளுக்க வரும். துவைத்துப் பிழிந்த விரிப்பு ஈரத்தோடு ஒரு ராட்சத உருளை மெஷினுக்குள் போக வேண்டும். இந்தப் பக்கம் இரண்டு பேர் ஆளுக்கு ஒரு நுனியைப் பிடித்து உள்ளே விடுவார்கள். அந்தப் பக்கம் அது காய்ந்து, தேய்த்தது போல, சுடச்சுட வெளியே வரும். அங்கே நிற்கும் இரண்டு பேர் அதைப் பிடித்து மடித்து அடுக்குவார்கள். ஹோட்டலில் அதை எடுத்துக் கட்டிலின் மேல் உதறினால் நடு மடிப்பு கட்டிலின் நடுவில் விழ வேண்டும். கொஞ்சம் கோணினாலும் படுக்கையே கோணலாகத் தெரியும். அப்படி இருந்தால் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சித்தி பல வருஷமாக அந்தச் சூடான பக்கத்தில் நின்றவர். அவர் மடித்ததைத் திருப்பி அனுப்பினார்கள் என்ற பேச்சே கிடையாது. லாண்டரியில் அவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். பக்கத்தில் நிற்பவர் தடுமாறினால் அவருடைய முனையையும் சேர்த்து இழுத்துச் சரிசெய்துவிடுவார். மெஷின் நின்றால் மெக்கானிக் வருவதற்குள் இவரே மூடியைத் திறந்து சிக்கிய துணியை எடுத்துவிடுவார். இவ்வளவு செய்தும், பழைய சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனபோது அந்த இடம் இவருக்குக் கிடைக்கவில்லை. மடிப்பதில் ஆமை என்று எல்லோரும் கேலி செய்யும் ஒருவருக்குக் கிடைத்தது. கண்ணாடி போட்டவர் என்பதால் அவரைக் கண்ணாடிக்காரர் என்பார்கள்.

பெருமைக்காக மட்டும் சித்தி அந்த வேலையை விரும்பவில்லை. அவருடைய வலது மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. ஒரே மாதிரி உதறி உதறி மடித்ததால் வந்தது என்றார் டாக்டர். இனியும் மடித்துக்கொண்டிருந்தால் ஒரு நாள் தம்ளரைக்கூடத் தூக்க முடியாமல் போகும் என்று சொல்லிவிட்டார். மடிக்காமல் அந்த லாண்டரியில் இருக்க ஒரே வழி, சூப்பர்வைசர் ஆவது. இல்லையென்றால் வேலையை விட வேண்டும். இது வீட்டில் எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும்.

என்னால் முடிந்த உதவியை நானும் செய்தேன். 'தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்வது எப்படி' என்று போனில் தேடி, கோட்டு போட்டவர்கள் பேசுகிற வீடியோக்களைப் பார்த்துச் சித்திக்குச் சொன்னேன். கூட வேலை செய்கிறவர்களை மனம் திறந்து பாராட்ட வேண்டும் என்று ஒருவர் சொன்னார். சித்தி மறுநாளே போய், துண்டு அடுக்கிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம், "நீ ரொம்ப அழகா வேலை செய்யறே" என்றாராம்.

அந்த அக்கா சித்தியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னக்கா, லீவு மாத்திக்கணுமா? நேராவே கேளுங்க" என்றாராம்.

வீடியோக்கள் அத்தோடு சரி.

சில மாதங்கள் கழித்துக் கண்ணாடிக்காரரைப் புதிதாகத் திறந்த இன்னொரு கிளைக்கு அனுப்பினார்கள். மேனேஜர் சித்தியைக் கூப்பிட்டு அவருடைய இடத்தில் நிற்கச் சொன்னார்.

"ஒரு மாசம் பாருங்க. சரியா வந்தா வேலை உங்களுது. வரலைன்னா வெளியிலேர்ந்து ஆள் கூட்டிட்டு வந்துடுவேன். நான் மறைச்சு வச்சுப் பேசறவன் இல்ல."

அன்று சித்தப்பா இனிப்பு வாங்கி வந்தார். சித்தி மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "இனிமே உனக்கு ஓய்வு" என்று அதனிடம் பேசினார்.

மெஷினின் சூடான பக்கத்தில் சித்தி நின்ற இடத்துக்கு, அவர் பாராட்டப் போய் மாட்டிக்கொண்டாரே, அந்தத் துண்டு அக்கா வந்தார். அவருக்கு ரேடியோ என்று பெயர். காலையில் ஆரம்பித்தால் மாலைவரை நிறுத்த மாட்டார். அவரோடு சேர்ந்து மடிப்பவர் ஏணி என்று எல்லோரும் கூப்பிடும் ஓர் அண்ணன். சீலிங் ஃபேன் இடித்துவிடுமோ என்று நமக்குப் பயம் வருகிற உயரம். சித்தியோடு நின்று மடித்துப் பழகியவர்தான். தான் நன்றாக மடிப்பதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கோணல் வரும்போதெல்லாம் சித்தி தன் பக்கத்திலிருந்து இழுத்துச் சரிக்கட்டியது அவருக்குத் தெரியாது.

முதல் நாளே அடுக்கைப் பார்த்தவுடன் சித்திக்கு விளங்கிவிட்டது. நடு மடிப்பு ஒரு பக்கமாக ஓடியிருந்தது. அப்படியே அனுப்பினால் ஹோட்டலில் வாங்க மாட்டார்கள். சொல்லலாம் என்று பக்கத்தில் போனார். ரேடியோ ஏதோ சொல்ல, ஏணி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். சித்திக்கு வாய் வரவில்லை.

"நேத்துவரைக்கும் ஒண்ணா நின்னு வேலை செஞ்சவங்க. இன்னிக்குப் போய் 'நீ மடிச்சது சரியில்ல'ன்னா மூஞ்சி வாடிடும்ல?" என்றார் பிறகு எங்களிடம்.

அதனால் அவர் என்ன செய்தார் என்றால், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ட்ராலியில் இருந்த அடுக்குகளைப் பிரித்து, கோணலாக இருந்ததையெல்லாம் மேஜையில் போட்டு அவரே திரும்ப மடித்து வைத்தார். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். வண்டி ஒழுங்காகப் போனது, எதுவும் திரும்பி வரவில்லை, மேனேஜர் தலையாட்டிவிட்டுப் போனார்.

"எங்க அக்காவுக்கு சூப்பர்வைசர் ஆனதுலேர்ந்து பசியே எடுக்கறதில்ல. பதவியைச் சாப்பிட்டே வயிறு நிறைஞ்சிடுது" என்று ரேடியோ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் சித்தி உப்புப் போட்ட வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"மடிக்கிறதைத்தான் விட்டுட்டியே, அப்புறம் எப்படி வீங்குது?" என்றார் சித்தப்பா.

"இப்ப நிறைய எழுத வேண்டியிருக்கு."

"எழுதினா இப்படி வீங்குமா? பேப்பர்ல எழுதறியா, பாறையில செதுக்கறியா?"

சித்தி கையை வெந்நீரில் இன்னும் உள்ளே விட்டுக்கொண்டார். ஒரு நாள் காலையில் சீப்பைப் பிடிக்க முடியாமல் அது கீழே விழுந்தது. நான்தான் அவருக்குத் தலை வாரிவிட்டேன். சித்தப்பா கண்டிப்பாக லீவு போடச் சொன்னார். ஒரே ஒரு நாள்.

அன்று போன வண்டி அப்படியே திரும்பி வந்தது. மறுநாள் சித்தி உள்ளே நுழையும்போது வாசலில் வரிசையாக ட்ராலிகள் நின்றன. மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் சுற்றி நின்றார்கள். நடுவில் மேனேஜர் ஒரு விரிப்பை உதறிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள் அவங்க இல்ல. ஒரே நாள்! கண்காணிக்க ஆள் இல்லைன்னா இப்படித்தான் ஏனோதானோன்னு மடிப்பீங்களா?" என்று, மெஷினில் பழைய ஆளான ஏணியைப் பார்த்துக் கத்தினார். சித்தி வருவதைப் பார்த்ததும் குரல் மாறியது. "பாத்தீங்களாம்மா, நீங்க இல்லைன்னா இங்க ஒண்ணும் நடக்கல."

அந்த நிமிஷம் தனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது என்று சித்தி பிறகு சொன்னார். மேனேஜர் அத்தோடு நிறுத்தியிருந்தால் சித்தியும் வாயைத் திறந்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மேனேஜர் ஏணியின் பக்கம் திரும்பி, "நீங்க இந்த வாரத்தோட கிளம்பலாம்" என்றார்.

ரேடியோதான் முன்னால் வந்தார்.

"சார், நேத்து நாங்க ஒண்ணும் புதுசா மடிக்கல. தினம் எப்படி மடிக்கிறோமோ அதே மடிப்புதான். ஒரு நாளாவது திரும்பி வந்திருக்கா? அக்காவையே கேளுங்க."

எல்லோரும் சித்தியைப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்கு வேலை கிடைக்கும், ஏணிக்கு வேலை போகும். வாயைத் திறந்தால் தன் வேலைக்குத் தானே உலை வைத்த மாதிரி.

"ஆமா சார்," என்றார் சித்தி. "தினமும் இப்படித்தான் வருது. சாப்பாட்டு நேரத்துல நான் பிரிச்சுத் திரும்ப மடிச்சு வச்சிடுவேன். நேத்து நான் இல்ல, அதான் அப்படியே போயிடுச்சு."

மேனேஜர் திட்டுவார் என்று சித்தி எதிர்பார்த்தார். மற்ற இரண்டு பேரும், 'எங்களுக்காக இவ்வளவு செஞ்சீங்களா' என்று உருகிப்போவார்கள் என்றும் எதிர்பார்த்தார். நடந்தது வேறு.

ஏணி மெதுவாகச் சொன்னார்: "அப்ப எனக்கு வேலை தெரியலைன்னு உங்களுக்கு இத்தனை நாளாத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. ரொம்ப நல்லா இருக்குக்கா."

ரேடியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம மடிப்பு ஒண்ணுகூட திரும்பி வரலைன்னு இந்த வாயால எத்தனை பேருகிட்ட பீத்திக்கிட்டேன்! அப்பல்லாம் உள்ளுக்குள்ள சிரிச்சீங்களா?"

"ஐயோ, இல்ல..." என்று சித்தி ஆரம்பிப்பதற்குள் இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

மேனேஜர் விரிப்பை ட்ராலியில் போட்டார். "மாசம் முடியற வரைக்கும் அவர் இருக்கட்டும். நீங்களும் இருங்க. ஆனா வெளியாளுக்குச் சொல்லி வச்சுட்டேன். திரும்ப மடிக்கத்தான் ஒருத்தர் வேணும்னா எனக்கு எதுக்குச் சூப்பர்வைசர்?"

அன்று வீட்டுக்கு வந்ததும், நாளையிலிருந்து போகப் போவதில்லை என்றார் சித்தி. சாப்பிடவும் இல்லை. சித்தப்பா எழுந்து போய்க் கட்டிலில் இருந்த விரிப்பை உருவிக்கொண்டு வந்தார்.

"வேலையை எப்ப வேணா விடலாம். இதை எப்படி மடிக்கிறதுன்னு எனக்குச் சொல்லிக் குடு."

"உங்களுக்கு எதுக்கு?"

"நீ அவங்களுக்குச் சொல்லணும்ல. முதல்ல என்கிட்ட சொல்லிப் பழகு. என் மூஞ்சி வாடினா பரவாயில்ல, அது கல்யாணத்தன்னிக்கே வாடினதுதான்."

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்தார். நான் ஒரு முனை, சித்தப்பா ஒரு முனை. சித்தப்பா நுனியைத் தவறாகப் பிடித்ததும் சித்தி சட்டென்று போய் அவர் கையிலிருந்து பிடுங்கிச் சரியாகப் பிடித்துக் காட்டினார்.

"சித்தி, கை!" என்றேன் நான்.

மறுபடி ஆரம்பித்தோம். மறுபடி பிடுங்கினார். மூன்றாவது தடவை நான் அவரைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னேன். இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு சித்தி சொல்லத் தொடங்கினார்: "அதை இப்படிப் பிடிச்சு... இல்ல, இப்படி... அப்புறம் அப்படியே..."

"'இப்படி'ன்னா எப்படி?" என்றார் சித்தப்பா. "இரு, நான் கண்ணை மூடிக்கிறேன். வாயால சொல்லு."

எனக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. சித்திக்கு மடிக்கத் தெரியும். ஆனால் மடிப்பது எப்படி என்று சொல்லத் தெரியாது. அவர் கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் யாருக்கும் சொல்லிப் பார்த்ததே இல்லை; எல்லாவற்றையும் தானே செய்துவிட்டதால் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

"வலது கையைத் தூக்குங்க. இல்ல, உங்க வலது. இப்ப இடது பக்கம் கொண்டு வாங்க. திரும்புங்க. இன்னும் கொஞ்சம் திரும்புங்க..."

கண்ணைத் திறந்தபோது சித்தப்பா கழுத்துவரைக்கும் விரிப்புக்குள் இருந்தார். "விரிப்பு அப்படியேதான் இருக்கு. என்னைத்தான் மடிச்சிருக்கே" என்றார்.

அந்த வாரம் முழுவதும் சாயங்காலம் எங்கள் வீட்டில் இதுதான் நடந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சித்திக்கு வார்த்தை வந்தது. 'ஓரத்தைப் பிடிக்காத, நுனியைப் பிடி.' 'தையல் போட்ட பக்கம் உன் வயித்தைப் பாக்கட்டும்.' 'ரெண்டு நுனியும் சேர்ந்ததும் நில்லு. சேர்ந்த பிறகுதான் இழுக்கணும்.' கடைசியில் கண்ணை மூடிக்கொண்டே சித்தப்பாவும் நானும் நேராக மடித்துவிட்டோம்.

இதைவிடக் கஷ்டமாக இருந்தது, தவறைத் தவறு என்று சொல்வது. நான் ஏணி மாதிரி நிற்பேன். சித்தி ஆரம்பிப்பார்: "தப்பா நினைச்சுக்காதீங்க, உங்களைச் சொல்றேன்னு இல்ல, பொதுவா பாத்தா, எல்லாருக்கும் வர்றதுதான், இருந்தாலும்..."

"சித்தி, இதை நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஷிப்ட் முடிஞ்சிடும்."

"அப்ப எப்படித்தான் சொல்றது?"

"கோணலா இருக்குன்னு சொல்லுங்க. கோணல்தானே?"

"கோணலா இருக்கு," என்றார் சித்தி. சொல்லிவிட்டு, திட்டு வாங்கியவர் போல அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லாண்டரியில் ஏணியும் ரேடியோவும் அவரோடு பேசாமல் இருந்தார்கள். கேட்டதற்கு மட்டும் 'ம்'. சித்தி ஒரு நாள் மெஷின் சூடாகும் நேரத்தில் இரண்டு பேரையும் பார்த்து, "உங்களுக்குத் தெரியாம செஞ்சது தப்பு. இனிமே எதுவா இருந்தாலும் முகத்துக்கு நேராச் சொல்றேன். நீங்களும் என்கிட்ட சொல்லுங்க" என்றார்.

"நாங்க சொல்ல ஆரம்பிச்சா தாங்க மாட்டீங்க," என்றார் ஏணி.

"தாங்கறேன். சொல்லுங்க."

"நாங்க மடிக்கும்போது நீங்க இவ்வளவு கிட்ட நின்னு கையையே முறைச்சுப் பாக்கறது, திருடனைப் பாக்கற மாதிரி இருக்கு. வர்ற மடிப்பும் அதுலயே போயிடுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

சித்திக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தள்ளிப் போய், சுவர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அங்கிருந்து பார்த்தபோதுதான் முழு விரிப்பும் அவர் கண்ணில் பட்டது. இத்தனை வருஷமும் அவர் பார்த்தது தன் கையில் இருக்கும் முனையை மட்டும்தான். ஏணிக்கு நீளமான கை. ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை எட்டிப் பிடித்துவிடுவார். ரேடியோவுக்கு அந்த அகலம் எட்டவில்லை. நுனியை விட்டுவிட்டு உள்பக்கமாகப் பிடிக்கிறார். ஒரு முனை சரியாகவும் மறு முனை தள்ளியும் சேர்ந்தால் நடு மடிப்பு ஓடத்தான் செய்யும். இது அக்கறை இல்லாததால் வந்த கோணல் இல்லை.

உள்ளே விடும் பக்கத்தில் ஆளுக்கு ஒரு நுனியைப் பிடித்தால் போதும். கை நீளம் தேவையில்லை. அங்கே எல்லோரும் மாமா என்று கூப்பிடும் ஒருவர் நின்றார். அவரும் நல்ல உயரம். அவரையும் ரேடியோவையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும். இதைச் சொன்னதும் ரேடியோ கொதித்துவிட்டார்.

"அந்தப் பக்கம் போய் நான் யாருகிட்ட பேசறது? மாமாவோட நிக்கிற அக்கா ஒரு நாளைக்கு ரெண்டு வார்த்தை பேசுவாங்க. அதுல ஒண்ணு 'வரேன்'. என்னைப் பழி வாங்கறீங்களா?"

சரி, இருந்துவிட்டுப் போ என்று சொல்ல சித்தியின் வாய் துடித்தது. ஆனால் அடக்கிக்கொண்டார். "ரேடியோ, உன் கை எட்டல. அது உன் தப்பில்ல. ஆனா விரிப்பு கோணலா இருக்கு. நீ அந்தப் பக்கம் போகணும்."

ரேடியோ போனார். அன்று மதியம்வரை அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. சித்தி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அப்படியே மூடிவிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு, மெஷின் இரைச்சலுக்கு மேலே ஒரு குரல் கேட்டது. ரேடியோ தன் பக்கத்து வீட்டுக் கதையை அந்த அமைதியான அக்காவிடம் ஆரம்பித்துவிட்டார். இரைச்சலைத் தாண்டிக் கத்த வேண்டியிருந்ததால், இப்போது லாண்டரி முழுவதும் அந்தக் கதையைக் கேட்டது.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. மாமா பல வருஷமாக மடித்ததில்லை. சித்தி சுவர் ஓரத்திலிருந்து, 'நுனி, மாமா, நுனி!' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாதம் முடியும் தறுவாயில் ஒரு நாள், மதிய வண்டியில் ஏற்றும் நேரத்தில் சித்தி அடுக்கைச் சரிபார்த்தார். ஒரு ட்ராலி முழுக்க மேல் மடிப்பு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். சித்தி அதைத் தொடவில்லை. மாமாவையும் ஏணியையும் கூப்பிட்டார்.

"இதைப் பாருங்க. என்ன ஆகியிருக்கு?"

ஏணி ஒன்றைப் பிரித்தார். "அவசரத்துல இழுத்துட்டோம். நுனி சேர்றதுக்கு முன்னாடியே."

"திரும்ப மடிச்சுடுங்க."

அவர்கள் மடித்தார்கள். நிதானமாக, ஒவ்வொன்றாக. வண்டிக்காரர் இறங்கி உள்ளே வந்துவிட்டார். "எக்ஸ்பிரஸ் அக்கா, நீங்க கை வச்சா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே! ஹோட்டல்ல என்னைத்தான் காய்ச்சுவாங்க."

"முடிஞ்சிடும்ணா. ஆனா இன்னிக்குக் கை வச்சா நாளைக்கும் நான்தான் கை வைக்கணும். கொஞ்சம் பொறுங்க."

உள்ளங்கை இரண்டும் அரித்தது என்றார் சித்தி. மாடியில் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் மேனேஜர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி தாமதமாகத்தான் போனது. ஹோட்டலிலிருந்து போன் செய்து சத்தம் போட்டார்கள். விரிப்பு எதுவும் திரும்பி வரவில்லை.

அதற்கு அடுத்த வாரம் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. தள்ளிப் போடப் பார்த்தார் சித்தி. சித்தப்பா விடவில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு மதியமே வீட்டுக்கு வந்துவிட்டவர், போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரே கூப்பிட்டுக் கேட்கலாம் என்றேன். வேண்டாம் என்றார். ஐந்து நிமிஷம் கழித்து, "கேக்கட்டுமா?" என்றார். இப்போது நான் வேண்டாம் என்றேன்.

சாயங்காலம் ரேடியோவே கூப்பிட்டார். சித்தி ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, பதறாதீங்க. ஒரு ட்ராலி திரும்பி வந்துச்சு."

சித்தி எழுந்து நின்றுவிட்டார்.

"மடிப்பு இல்லக்கா. ஏணியண்ணன் ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்தாரு. துவைச்சதுலயே கறை போகல. அதை மறுபடி துவைக்கப் போட்டுட்டு, வேற எடுத்து மடிச்சு அடுத்த வண்டியில ஏத்தியாச்சு. ஹோட்டல்லயும் பேசியாச்சு."

"இவ்வளவு நடந்திருக்கு, எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"பண்ணி? ஓடி வந்து கையைக் கட்டிக்கிட்டு நிப்பீங்க. அதுக்கு எதுக்குப் பஸ் செலவு?"

சித்தி போனைக் கீழே வைத்தார். "நான் இல்லாமலே நடக்குது" என்றார். அது சந்தோஷமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் இருந்திருக்கும்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். "வெளியாள்கிட்ட வர வேண்டாம்னு சொல்லிட்டேன். அன்னிக்கு வண்டி லேட்டானதுல எனக்குச் சந்தோஷம் இல்ல. அதையும் சொல்லிடறேன்."

"எனக்கும்தான் சார். வண்டி நேரத்துக்கு அரை மணி முன்னாடியே அடுக்கைப் பாக்கறதா மாத்தியிருக்கேன்" என்றார் சித்தி.

"ஏணி?"

"அவர் இருக்கணும் சார். இப்ப மாமாவுக்கு அவர்தான் சொல்லிக் குடுக்கறார்."

மேனேஜர் சரி என்றார். சித்தி இப்போது அங்கே சூப்பர்வைசர். மணிக்கட்டு முழுதும் குணமாகவில்லை, ஆனால் வீக்கம் இல்லை. தம்ளரைத் தூக்க முடிகிறது, என் தலையில் குட்டவும் முடிகிறது. ஏணி முன்போல் சித்தியோடு சிரித்துப் பேச ரொம்ப நாள் பிடித்தது. இன்னும் ஏதாவது கோபம் வந்தால் 'பிரிச்சு மடிச்சீங்களே' என்று குத்திக் காட்டுவார். சித்தி பொறுத்துக்கொள்வார்.

நான் இதை எழுதுவது வேலையில் மேலே வரத் தவிக்கும் ஒருவருக்காக. உங்கள் வீட்டிலோ ஆபீஸிலோ கடையிலோ அப்படி ஒருவர் இருப்பார். எல்லாரையும்விட நன்றாகச் செய்வார், எல்லாரும் செய்ததையும் ரகசியமாகச் சரிசெய்துவிட்டு, ஏன் தன்னை யாரும் மேலே தூக்கிவிடவில்லை என்று மனதுக்குள் புழுங்குவார். அவருக்குக் கதை படிக்க நேரமே இருக்காது. அதனால் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிடுங்கள். அவர் கேட்டு முடித்ததும், தனக்குத் தெரிந்த இன்னொருவரிடம் இதைச் சொல்லச் சொல்லுங்கள்.